லயன்ஸ் சங்கத்தின் இலவச கண் சிகிச்சை முகாம்: நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை



"லயன்ஸ் சங்கமும் கண் மருத்துவமனையும் இணைந்து நடத்தும் இலவச கண் சிகிச்சை முகாம்" என்ற அறிவிப்பு நம் ஊர்களுக்குப் புதிதல்ல. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்வார்கள். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். முகாம் முடிந்ததும் புகைப்படங்களோடு இரண்டு பத்திச் செய்தி வரும். அதோடு நாமும் மறந்துவிடுவோம்.

ஆனால் அந்த முகாமுக்குப் போயிருக்க வேண்டிய பலர் போகாமலே இருந்துவிடுகிறார்கள். "வெளிநாட்டில் இருக்கும் மகன் லீவில் வரட்டும்", "புரை இன்னும் முற்றட்டும்", "இலவசம் என்றால் எப்படிப் பார்ப்பார்களோ", "ஆபரேஷன் செய்தால் ஒளு எப்படிச் செய்வது" என்று காரணங்கள் பல. இந்தச் சங்கம் என்பது என்ன, முகாமில் என்ன நடக்கிறது, நம் குடும்பத்தில் யார் போக வேண்டும், போய் வந்த பின் தொழுகை நோன்பு எப்படி என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

லயன்ஸ் சங்கம்: சுருக்கமான அறிமுகம்

தமிழில் அரிமா சங்கம் என்று சொல்லப்படும் லயன்ஸ் சங்கம் அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1917-ஆம் ஆண்டு தொடங்கியது. மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டுத் தொழில் செய்த வணிகர் இதற்கு முன்முயற்சி எடுத்தார். அக்காலத்தில் வணிகர்கள் தங்கள் தொழில் வளர்ச்சிக்காகவே சங்கங்களில் கூடினார்கள். அந்த ஆற்றலை ஊர் மக்களின் நலனுக்கும் திருப்பலாமே என்பது அவரது எண்ணம். இன்று 200-க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பகுதிகளிலும் சுமார் 14 லட்சம் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இந்தியாவுக்கு இச்சங்கம் 1956-இல் மும்பை வழியாக வந்தது. 1987 முதல் பெண்களும் உறுப்பினராகலாம்.

ஒவ்வோர் ஊர்ச் சங்கத்துக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு. இவர்களின் பொறுப்புக் காலம் ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை ஓராண்டுதான். அதனால்தான் ஜூலை மாதத்தில் ஊருக்கு ஊர் பதவியேற்பு விழாச் செய்திகளைப் பார்க்கிறோம். நோட்டீஸில் பெயருக்கு முன்னால் வரும் "அரிமா" உறுப்பினரைக் குறிக்கும். பின்னால் வரும் "எம்.ஜே.எஃப்." என்பது சங்கத்தின் சர்வதேச அறக்கட்டளைக்கு ஆயிரம் டாலர் நன்கொடை சேர்ந்ததற்கான மெல்வின் ஜோன்ஸ் அங்கீகாரம். அது மருத்துவப் பட்டம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள், அப்படியல்ல. முகாமில் கண்ணைப் பார்ப்பவர்கள் மருத்துவமனையிலிருந்து வரும் மருத்துவர்கள். சங்கத்தார் ஏற்பாட்டாளர்கள்.

கண் சேவை இவர்களிடம் எப்படி வந்தது?

1925-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்த லயன்ஸ் மாநாட்டில், பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் உரையாற்றினார். பார்வையற்றோருக்காகப் பாடுபட முன்வருமாறு அவர் வைத்த வேண்டுகோளைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. பார்வையற்றவர்கள் கையில் வைத்திருக்கும் வெள்ளைக் கோலைப் பரப்பியதிலும் இவர்களுக்குப் பங்கு உண்டு. 1930-இல் பியோரியா என்ற ஊரின் சங்கம் அதை வழக்கத்துக்குக் கொண்டு வந்தது. 1990-இல் பார்வையிழப்பைத் தடுக்கும் உலகளாவிய திட்டத்தையும் தொடங்கினார்கள். அக்டோபர் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை உலகப் பார்வை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

கண் மருத்துவம் முஸ்லிம்களுக்கு அந்நியமானது அல்ல. பத்து, பதினோராம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலீ, உள்ளே துளையுள்ள ஊசியால் கண்புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதி வைத்தார். பக்தாதின் அலீ இப்னு ஈஸா எழுதிய கண் மருத்துவ நூல் பல நூற்றாண்டுகள் பாடநூலாக இருந்தது. பார்வை எப்படி நிகழ்கிறது என்பதை ஆராய்ந்த இப்னுல் ஹைதமின் பெயரை நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்திலும் படிக்கலாம்.

தமிழ்நாட்டில் இந்த முகாம்கள் வேரூன்றக் காரணமானவர்களில் முக்கியமானவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. அரசுப் பணியில் இருந்தபோதே கிராமங்களுக்குச் சென்று முகாம் நடத்தியவர். ஓய்வு பெற்ற பின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதே 1976-இல்தான் இந்திய அரசின் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் வந்தது. 1992-இல் அரவிந்தின் அங்கமாக அமைந்த ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்சை இங்கேயே குறைந்த விலையில் தயாரிக்கத் தொடங்கியது. அதற்கு முன் புரை எடுத்தவர்கள் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்ததை நம் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். லென்ஸ் வந்த பிறகு அந்தக் கண்ணாடிக்கு வேலையில்லாமல் போனது.

செலவு யாருடையது?

பொதுவான ஏற்பாடு இதுதான். விளம்பரம், இடம், மேசை நாற்காலி, வருபவர்களுக்கு உணவு, தொண்டர்கள் ஆகியவற்றை ஊர்ச் சங்கம் அல்லது ஒரு நன்கொடையாளர் பார்த்துக்கொள்வார். மருத்துவர், கருவிகள், அறுவை சிகிச்சை, லென்ஸ் ஆகியவை மருத்துவமனையின் பொறுப்பு. தொண்டு மருத்துவமனைகள் செய்யும் இலவச அறுவை சிகிச்சைகளுக்கு அரசின் திட்டத்திலிருந்து ஒரு தொகை மானியமாகக் கிடைக்கும். மீதியை, கட்டணம் செலுத்தும் நோயாளிகளிடமிருந்து வரும் வருவாயில் ஈடுகட்டுகிறார்கள். ஆகவே இலவசம் என்பதால் அரைகுறையாகச் செய்வார்கள் என்ற அச்சம் தேவையில்லை. தனி அறை, லென்சின் வகை போன்றவற்றில் வேறுபாடு இருக்கலாம். நோய் நீங்குவதில் வேறுபாடு இல்லை.

முகாம் நாளில் நடப்பது என்ன?

முகாம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்திலோ திருமண மண்டபத்திலோ நடக்கும். முதலில் பெயர், வயது, முகவரியைப் பதிவு செய்வார்கள். அடுத்து எழுத்துப் பலகையை வைத்துப் பார்வையைச் சோதிப்பார்கள். பிறகு கண் நீர் அழுத்தம், கண்ணீர்ப் பை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். கடைசியாக மருத்துவர் பார்த்து, கண்ணாடி போதுமா, சொட்டு மருந்தா, அறுவை சிகிச்சையா என்று முடிவு செய்வார்.

அறுவை சிகிச்சைக்குத் தேர்வானவர்களை அன்றைக்கே வாகனத்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். அங்கே தங்க வைத்து, சிகிச்சை முடித்து, சில நாளில் ஊருக்குத் திருப்பிக் கொண்டு வந்து விடுவார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை உண்டு. இதை முன்பே தெரிந்துகொள்ளாமல் வெறுங்கையோடு போய், "வீட்டில் சொல்லிவிட்டு வரவில்லை" என்று திரும்பி வருபவர்கள் நிறையப் பேர். எனவே கீழ்க்கண்டவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

* ஆதார் அட்டை, குடும்ப அட்டை நகல்கள், வீட்டில் ஒருவரின் செல்பேசி எண்.
* இரண்டு மூன்று நாளுக்கான மாற்றுடை, பெண்களுக்குத் தொழுகை உடை.
* தினமும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், பழைய மருத்துவச் சீட்டுகளும்.

மாத்திரை விஷயத்தில் கவனம் வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, ஆண்கள் சிறுநீர் அடைப்புக்காகச் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டாவது வகை மாத்திரைகளில் சில, சிகிச்சையின்போது கருவிழித் திரையைத் தளரச் செய்யும். முன்பே தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்பத் தயாராக இருப்பார். சர்க்கரை அதிகமாக இருந்தாலோ கண்ணில் சீழ், தொற்று இருந்தாலோ அன்று சிகிச்சை செய்ய மாட்டார்கள். அது உங்கள் பாதுகாப்புக்காகத்தான்.

புரை பற்றிய தவறான எண்ணங்கள்

இந்தியாவில் 50 வயதைக் கடந்தவர்களின் பார்வையிழப்புக்குப் பெருங்காரணம் கண்புரை. மூன்றில் ஏறத்தாழ இரண்டு பங்கு இதனால்தான். அதே சமயம் முழுமையாகச் சரி செய்யக் கூடியதும் இதுவே. பார்வை புகை மூட்டமாகத் தெரிவது, இரவில் எதிரே வரும் வண்டி விளக்கு கண்ணைக் கூசுவது, நிறங்கள் மங்குவது, கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறுவது ஆகியவை இதன் அறிகுறிகள்.

"முற்றட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்பது லென்ஸ் வருவதற்கு முந்தைய காலத்துப் பேச்சு. இன்று அன்றாட வேலைக்கு இடைஞ்சல் வந்துவிட்டாலே எடுத்துக்கொள்ளலாம். அளவுக்கு மீறி முற்ற விட்டால் புரை கடினமாகிச் சிகிச்சை சிரமமாகும். சிலருக்குக் கண் அழுத்தமும் ஏறிவிடும். புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் கிடையாது. தேன், வெங்காயச் சாறு விடுவது கண்ணைக் கெடுக்கும். வெயில் காலத்தில் செய்யக்கூடாது என்பதும் தவறு. கண்ணை வெளியே எடுத்து வைத்துச் செய்வார்கள் என்று இன்னும் சில மூத்த பெண்கள் பயப்படுகிறார்கள். கண்ணை எடுப்பதே இல்லை. கண் மட்டும் மரத்துப் போக மருந்து கொடுத்து, சிறு திறப்பின் வழியாக மங்கிய லென்சை அகற்றிவிட்டுப் புதியதை வைப்பார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

புரையை விடக் கவலைக்குரிய இரண்டு நோய்கள் உண்டு. ஒன்று கண் நீர் அழுத்த நோய். மற்றொன்று சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பு. இரண்டும் பெரும்பாலும் வலியில்லாமல் வளரும். புரையால் போன பார்வை திரும்பும். கண் நீர் அழுத்தத்தால் போன பார்வை திரும்பாது. இருப்பதைத்தான் காப்பாற்றலாம். ஆகவே 40 வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை உள்ள எல்லோரும், பார்வை நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணைக் காட்ட வேண்டும். சர்க்கரை நோயாளிகள் கண்ணில் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சபுராளி வீடுகளும் பெண்களும்

நம் ஊர்களில் ஆண்கள் வளைகுடாவிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் இருக்க, வயதான உம்மா வாப்பா மட்டும் வீட்டில் இருப்பது சாதாரணம். "மகன் வந்ததும் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுவான்" என்று உம்மா காத்திருப்பார். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஒரு மாத லீவில் வரும் மகனுக்குக் கல்யாணம், வீட்டு வேலை என்று நாட்கள் ஓடிவிடும். உம்மாவும் வாய் திறந்து சொல்ல மாட்டார். குர்ஆன் ஓதுவது நின்றுவிட்டதும், குளியலறையில் சறுக்கி விழுந்ததும்தான் பார்வை போனது வீட்டுக்குத் தெரிய வரும்.

நாட்டில் பொதுவாகவே கண் சிகிச்சை பெறுவதில் பெண்கள் ஆண்களை விடப் பின்தங்கி இருக்கிறார்கள். துணைக்கு ஆள் இல்லை, அந்நியர் நடுவில் தங்க வேண்டும் என்ற கூச்சம் நம் பெண்களுக்கு இன்னும் கூடுதல். இதற்கு வழி இருக்கிறது. ஒரே தெருவிலிருந்து நான்கைந்து பெண்கள் சேர்ந்து போகலாம். துணைக்கு மஹ்ரமான ஒருவரை அனுமதிக்க முடியுமா என்று சங்கத்தாரிடம் முன்கூட்டியே கேட்கலாம். பெண்களுக்குத் தனி வரிசை, பெண் தொண்டர்கள் வேண்டும் என்று ஜமாஅத் நிர்வாகம் கேட்டுக்கொண்டால் எந்தச் சங்கமும் மறுக்காது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அடுத்த முறை அழைக்கும்போது, "சாப்பிட்டீங்களா உம்மா" என்பதோடு "எழுத்து தெரியுதா உம்மா" என்றும் கேளுங்கள்.

சிகிச்சைக்குப் பின் ஒளு, தொழுகை, நோன்பு

சிகிச்சை செய்த கண்ணில் மருத்துவர் சொல்லும் நாள் வரை தண்ணீர் படக்கூடாது. கண்ணைக் கசக்கக்கூடாது. பாரம் தூக்கக்கூடாது. சுர்மா இடுவதை மருத்துவர் அனுமதிக்கும் வரை தவிர்க்க வேண்டும். விறகடுப்புப் புகைக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது.

மார்க்கம் இதில் சிரமத்தை வைக்கவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில், தண்ணீர் படக்கூடாத இடத்தை விட்டு மற்ற உறுப்புகளைக் கழுவி, அந்த இடத்துக்காகத் தயம்மும் செய்வார்கள். ஹனஃபி மத்ஹபில், மற்ற இடங்களைக் கழுவிவிட்டு, தீங்கு வராதபோது கட்டின் மீது ஈரக்கையால் தடவுவார்கள். தலையைக் கீழே தாழ்த்தக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், உட்கார்ந்து சைகையால் ருகூஉ, ஸுஜூது செய்து தொழலாம். நோயாளிக்கு நின்று முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழும் சலுகையை நபி (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். கண்ணில் சொட்டு மருந்து விடுவதால் இந்த இரு மத்ஹபுகளிலும் நோன்பு முறியாது. எனவே ரமளானில் பகல் வேளைச் சொட்டு மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. உங்கள் நிலைக்கு ஏற்ற விவரத்தை ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, தெரிந்த பார்வை திடீரென மங்கினாலோ மறுபரிசோதனை நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இரத்த தானமும் கண் தானமும்

இச்சங்கங்கள் இரத்த தான முகாம்களையும் நடத்துகின்றன. 18 முதல் 65 வயது வரை, குறைந்தது 45 கிலோ எடையும், 12.5 கிராம் ஹீமோகுளோபினும் உள்ள ஆரோக்கியமானவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். ரமளானில் இரத்த வங்கிகளில் இருப்பு குறையாமல் இருக்க, தராவீஹுக்குப் பின் இரவில் முகாம் வைப்பது நல்ல ஏற்பாடு.

கண் தானம் வேறு விஷயம். இறந்த 6 மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்து, கருவிழிப் பாதிப்பால் பார்வை இழந்தவருக்குப் பொருத்துவது இது. இதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நிபந்தனைகளோடு அனுமதித்தவர்களும் கூடாது என்றவர்களும் இருக்கிறார்கள். முகாமில் உறுதிமொழிப் படிவம் நீட்டினால், அவசரப்பட்டுக் கையெழுத்திடாமல் ஆலிம்களிடமும் குடும்பத்தாரிடமும் கலந்து முடிவு செய்வதே முறை. மறுத்தாலும் சிகிச்சை பெறும் உரிமை போய்விடாது.

நாம் சேரலாமா? உதவலாமா?

இத்தகைய சங்கங்களில் உறுப்பினராவது குறித்தும் அறிஞர்களிடையே இரு கருத்துகள் உள்ளன. இவற்றின் மேலைநாட்டுப் பின்னணியையும், கேளிக்கை நிகழ்ச்சிகளையும் சுட்டிக்காட்டி எச்சரித்தவர்கள் உண்டு. மார்க்கத்துக்கு முரணானதில் பங்கு கொள்ளாமல் நற்பணியில் மட்டும் இணையலாம் என்றவர்களும் உண்டு. இரண்டாவது தரப்பார் எடுத்துக்காட்டுவது ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையை. நபித்துவத்துக்கு முன், மக்காவில் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில், அநீதி இழைக்கப்பட்டவருக்குத் துணை நிற்போம் என்று குறைஷிகள் சிலர் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. அதில் கலந்துகொண்ட நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பிறகும் அதைப் போற்றிப் பேசினார்கள்.

உறுப்பினராகாமலும் உதவலாம். பொதுமக்களிடம் திரட்டும் பணத்தைப் பொதுச் சேவைக்கு மட்டுமே செலவிட வேண்டும், நிர்வாகச் செலவுக்கு எடுக்கக்கூடாது என்பது லயன்ஸ் சங்கத்தின் விதி. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. நம் ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் பின்பற்ற வேண்டிய அமானிதமான முறை இது. ஆனால் ஜகாத் பணத்தைப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் கொடுப்பது பொருந்தாது. ஜகாத் உரியவரின் கையில் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பொதுவான ஸதகாவைப் பயன்படுத்தலாம். ஏழை நோயாளிக்கு மருந்து, கண்ணாடி வாங்க ஜகாத்தை நேரடியாகக் கொடுக்கலாம்.

12 முதல் 30 வயது வரையிலான இளைஞர்களுக்கு லியோ சங்கம் என்ற தனிப் பிரிவும் உண்டு. அதில் சேர விரும்பாத பிள்ளைகளும் முகாம் நாளில் முதியவர்களைக் கைப்பிடித்து வரிசையில் உட்கார வைக்கலாம், படிவம் நிரப்பித் தரலாம்.

அடுத்த முகாமுக்கு முன்

அபஸ அத்தியாயம் இறங்கக் காரணமாக இருந்தவர் பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். அவர்களை மதீனாவின் முஅத்தின்களில் ஒருவராக ஆக்கியதோடு, தாம் வெளியூர் செல்லும்போது மதீனாவின் பொறுப்பையும் நபி (ஸல்) அவர்கள் ஒப்படைத்திருக்கிறார்கள். பார்வை இழந்தவரை ஒதுக்காத சமுதாயம் அது. பார்வை திரும்ப வழியிருந்தும் ஒரு மூதாட்டியை இருட்டில் உட்கார வைத்திருப்பது நமக்கு அழகல்ல.

ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு இளைஞர்கள் முன்வந்தால் போதும். 50 வயதைக் கடந்தவர்கள் இருக்கும் வீடுகளுக்குப் போய், இரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பார்க்கச் சொல்லி, சரியாகத் தெரியாதவர்களின் பெயரை எழுதி வையுங்கள். முகாம் அறிவிப்பு வந்ததும் அந்தப் பட்டியலோடு வீட்டுக்கு வீடு சென்று அழைத்துப் போங்கள். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கும் அவர்களே அழைத்துச் செல்லட்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த ரமளானில் அந்தப் பெரியவர்கள் தம் கண்ணாலேயே குர்ஆனைப் பார்த்து ஓதுவார்கள். அவர்களின் துஆவில் நமக்கும் பங்கு கிடைக்கட்டும். ஆமீன்.